காலை 6.42, குற்றால நிலவரம்

நவம்பர் 3

உலகம்மாளுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரனுக்கு அடித்துப் பார்த்தேன். "அவ இங்கனதான் இருக்கா அண்ணாச்சி. பேசமாட்டேங்கா" என்று சொல்லிவிட்டு, பாவம், அவரே வெட்கப்பட்டுப் போனை வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். நேயர் கடிதம் எந்தப் பட்டிதொட்டியிலிருந்து வந்தாலும், எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும், கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டுத்தான் நீ கீழே வைப்பாய். அந்தப் பழக்கம் என் விஷயத்திலும் கைகொடுக்கும் என்று ஒரு நம்பிக்கை.

நான் இப்போது அருணாசலப் பிரதேசத்தில் ஒரு மலை ஊரில் இருக்கிறேன். நம் வானொலியின் கடைக்கோடி நிலையங்களில் ஒன்று. ரயில், இன்னொரு ரயில், அதற்குப் பிறகு ஜீப் என்று ஆறாம் நாள் வந்து சேர்ந்தேன். வீரகேரளம்புதூரில் என் அம்மாவிடம் "டெல்லிக்குப் பக்கத்துல" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ போய்ப் போட்டுக் கொடுத்துவிடாதே. மாறுதல் எல்லாருக்கும் வருவதுதான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எனக்கு ஒருமுறையாவது வரவேண்டாமா?

சொல்ல வந்தது இரண்டு விஷயம். ஜூலை பதினெட்டாம் தேதி லாக் புக்கில் நான் எழுதியது முதல் விஷயம். எழுதாமல் விட்டிருக்கலாம் என்று நிலையத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். இன்றைக்கு நடந்தாலும் எழுதுவேன், உலகு. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசினால் நான் பூசி மெழுகுவதாக நினைப்பாய்.

இரண்டாவது, கேஷுவல் அறிவிப்பாளர்களுக்கான குரல் தேர்வுக்குப் பிப்ரவரியில் புதிதாக விண்ணப்பம் கேட்கப்போகிறார்கள் என்று கேள்வி. நிறுத்திவைக்கப்பட்டவர்களும் எழுதிப் போடலாம். நீ கட்டாயம் போட வேண்டும். பன்னிரண்டு வருஷம் மாதத்துக்கு ஆறு நாள் தென்காசியிலிருந்து பஸ் பிடித்து வந்து வாசித்தவள், ஒரு காலை வேளையோடு மைக்கை விட்டு எழுந்து போய்விடக் கூடாது.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. பேனா மை ஓடவில்லை, அடுப்பருகே பிடித்துப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

சிவசைலம்

*

நவம்பர் 24, தென்காசி

திரு. சிவசைலம், டியூட்டி ஆபீசர் அவர்களுக்கு,

கடைசி வரிவரை படித்தேன். பழக்கதோஷம். அதை வைத்து நான் இறங்கிவந்துவிட்டதாகக் கணக்குப் போட வேண்டாம்.

அன்று என்ன நடந்தது என்று உங்கள் புத்தகம் ஒரு மாதிரி சொல்லும். நான் ஒரு மாதிரி சொல்கிறேன். எனக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, உடம்பும் சூடு. புக்கிங்கை ரத்து செய்தால் உங்களுக்கு ஆள் கிடைக்காதே என்றுதான் வந்தேன். நிலவரத்தாளில் "பேரருவியில் குளிக்கத் தடை நீடிக்கிறது" என்று இருந்தது. எனக்குச் சந்தேகம். அருவிக்கரையில் துண்டும் சோப்பும் விற்கிற மன்சூருக்கு வராந்தாவில் நின்று போன் போட்டேன். "தண்ணி நல்லா கொறஞ்சிட்டுக்கா. வளைவுக்குள்ளதான் விழுது. தடைய எடுத்துருவாங்க" என்றான். பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் தடை, உள்ளே விழுந்தால் குளியல். அருவிக்குப் பக்கத்திலேயே, மேலகரத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் தாளில் எழுதித் தரவேண்டாம். ஆறு நாற்பத்திரண்டுக்கு "பேரருவியில் தடை நீங்கியது" என்று வாசித்தேன். மூன்று வார்த்தை. அவ்வளவுதான்.

ஏழு நிமிஷம் கழித்து நீங்கள் மூச்சிரைக்க உள்ளே வந்தீர்கள். வெந்நீர் பிளாஸ்கை மேஜைமேல் டக்கென்று வைத்தீர்கள். திருத்தத்தை என் கையில் திணித்தீர்கள். வாசித்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நீங்கள் பேசாமல் போய் உட்கார்ந்து லாக் புக்கைத் திறந்தீர்கள்.

பாட்டு மூன்று விநாடி பிந்தினால் அதில் எழுதணும், அறிவிப்பாளர் தும்மினால் எழுதணும். மறுநாள் பத்தரை மணிக் கூட்டத்தில் டைரக்டர் முன்னால் அதை உரக்கப் படிப்பார்கள். எல்லாம் தெரிந்ததுதான். பன்னிரண்டு வருஷத்தில் மற்றவர்கள் பிழையை நீங்கள் எழுதும்போது நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். என் பெயரை எழுதும்போது உங்கள் பேனா ஒரு நிமிஷம் நிற்காதா என்பதுதான் என் ஆத்திரம். அடுத்த வாரமே என் புக்கிங் நின்றது. நீங்கள் மாறுதலில் மலையேறிவிட்டீர்கள், பதவி உயர்வோடு என்று கேள்வி. வாழ்த்துகள்.

நீங்கள் கூட்டி எழுதினீர்களா, உள்ளபடி எழுதினீர்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தப் பக்கத்தைக் கேட்டு மனுப் போடப்போகிறேன்.

உலகம்மாள்

*

டிசம்பர் 17

உலகம்மாளுக்கு,

திட்டியாவது எழுதினாயே, அதுவே போதும். மன்சூர் சொன்னதை எழுதியிருக்கிறாய். "எடுத்துருவாங்க" என்று அவன் சொன்னது உன் வாயில் "நீங்கியது" ஆகிவிட்டது. அதை மட்டும் ஒருமுறை யோசித்துப் பார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். காலைச் செய்தி டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இறங்குகிறது, உனக்குத் தெரியும். இங்கே பனி விழுந்து அந்த டிஷ் ஆண்டெனா நிரம்பிவிடும். பனி நிரம்பினால் சிக்னல் போச்சு. அதனால் தினமும் செய்திக்கு அரைமணி நேரம் முன்பு இரண்டு பேர் வெளக்குமாறோடு ஏணி ஏறுகிறார்கள். நம் வீட்டு வாசல் பெருக்குகிற அதே வெளக்குமாறு. தேசம் பூராவும் ஒரே நேரத்தில் கேட்கிற செய்தி இந்த ஊருக்கு வருவது அந்த இரண்டு பேர் கூட்டித் தள்ளுவதால்தான். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனிக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்தச் சின்ன நிலையத்தில் நாலு மொழியில் அறிவிப்பு. ஒரு பள்ளத்தாக்கில் பேசுவது அடுத்த பள்ளத்தாக்குக்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு மொழிக்குக் கேட்கிறவர்கள் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். எந்தக் கம்பெனிக்காரன் அவ்வளவு பேருக்காக ஒரு ஸ்டூடியோ கட்டுவான்? நம் ஆள்கள் கட்டியிருக்கிறார்கள். நானும் அந்தச் சம்பளப் பட்டியலில் ஒருவன் என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

இங்கேயும் ஒரு நிலவரம் உண்டு. அருவிக்குப் பதில் ரோடு. எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று காலையில் வாசிப்பார்கள். லாரிக்காரர்கள் இன்ஜினை ஓடவிட்டு அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

நம் குற்றாலத் தாளில் மூன்று கையெழுத்து இருப்பதை நீ கேலி செய்வாய். "அருவி விழுகதுக்கு மூணு பேரு சம்மதிக்கணுமா அண்ணாச்சி?" என்பாய். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது டிரங்க் காலில் வந்தது. அருவிக்கரை போலீஸ் சொல்ல, கலெக்டர் ஆபீஸில் ஒருவர் எழுத, நம் செய்திப் பிரிவில் ஒருவர் திரும்பப் போன் போட்டுச் சரிபார்த்து ஒப்பமிடுவார். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆனாலும் அந்த மூன்றாவது ஆள் திரும்பப் போன் போடாமல் தாள் ஸ்டூடியோவுக்குள் வராது. அதிலிருந்த ஒருவரையும் உனக்குத் தெரியாது. உன் வாயை நம்பித்தான் அத்தனை பேரும் வேலை பார்த்தார்கள்.

மனு விஷயம் உன் உரிமை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கேட்காமல் விட்டால் நல்லது. விட்டுவிடேன்.

சிவசைலம்

*

ஜனவரி 5, தென்காசி

சிவசைலம் அவர்களுக்கு,

விட்டுவிட வேண்டுமாமே! பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மனுவை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியாயிற்று.

வெளக்குமாறு கதை நன்றாக இருந்தது. ஜெகதீஸ்வரனுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டிய பிறகு, எதற்குக் காட்டினோம் என்று எரிச்சல் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜூலையிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ போடுவதில்லை. ஆனால் விடியுமுன்னே எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து காப்பி போட்டுக் குடித்துவிட்டு, வாசிக்க ஒன்றும் இல்லாமல் பால் பாக்கெட்டில் இருப்பதை உரக்க வாசிக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

உலகம்மாள்

*

ஜனவரி 16, தென்காசி

சிவசைலம் அவர்களுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

திருவாதிரைக்குக் குற்றாலம் போனோம். சித்திர சபையில் தாண்டவ தீபாராதனை பார்த்துவிட்டு, ஜெகதீஸ்வரன் குளிக்கணும் என்றதால் பேரருவிப் பக்கம் போனோம். மன்சூர் என்னைப் பார்த்ததும் சோப்பு அடுக்குவதை விட்டுவிட்டு எழுந்துவிட்டான்.

"யக்கா, நீங்க போன் போட்ட அன்னைக்கு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அத நீங்க ரேடியோல சொல்லுவீங்கன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றான். "அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்டும் இருக்கவில்லை. அவன் அன்று காவலுக்கு நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டான். பாண்டியராஜ் என்று பெயர், என் தம்பி வயசுதான் இருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்கதான் அந்த அறிவிப்பாளரா மேடம்? அன்னைக்கு ஏழு மணிக்குள்ள நாலு வேன் ஆளு எறங்கிட்டு. தடுப்புக் கம்பிய எடு எடுன்னு ஒரே சத்தம். எனக்கு எழுத்துல உத்தரவு வரல, எடுக்கமாட்டேன்னுட்டேன். சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருத்தர் ரெண்டு பொம்பளப் புள்ளையளக் கையில புடிச்சுக்கிட்டு என்கூட மல்லுக்கு நிக்காரு. ரேடியோல சொல்லிட்டாங்கல்லா, ஒனக்கு என்ன வே அப்படிங்காரு. அந்தம்மா பன்னெண்டு வருசமா சொல்லுது, ஒருநாளும் பொய் சொன்னதில்லங்காரு. திருத்தம் சொன்னதெல்லாம் அவங்களுக்கு எங்க தெரியும்? வேன விட்டு எறங்கிட்டாங்கல்லா. ஏழு இருவத்தஞ்சுக்கு மேல இருந்து வெள்ளம் மரத்தோட வந்துச்சு மேடம். வளைவே கண்ணுக்குத் தெரியல. அவரு ரெண்டு புள்ளையளையும் அணைச்சுக்கிட்டு அங்கனயே தரையில உக்காந்துட்டாரு."

கம்பியை அவர் எடுக்காததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மன்சூர் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஜெகதீஸ்வரன் குளிக்காமலே வண்டியை எடுத்தார்.

ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று அந்த மனுஷர் சொன்னாரே, அந்தப் பேரை நானா சம்பாதித்தேன்? வெளக்குமாறோடு ஏணி ஏறுகிறவர்கள், திரும்பப் போன் போடுகிற அந்த மூன்றாவது ஆள், விநாடிக் கணக்கில் பிழையை எழுதிவைக்கிற நீங்கள், இத்தனை பேர் எத்தனையோ வருஷமாகச் சேர்த்துவைத்த பேர் அது. அதை எடுத்து நான் ஒரு காலையில் மன்சூரின் பேச்சுக்கு மேல் ஒட்டிவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என்னைக் கூப்பிட்டு "உலகு, எழுதப்போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் அப்படியே இருக்கிறது.

உலகம்மாள்

*

பிப்ரவரி 9

உலகு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஒன்பது நாள் ரோடு மூடிக் கிடந்தது. இரண்டாவதை மூன்று தடவை படித்தேன். அந்தப் போலீஸ்காரத் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்.

வருத்தம் இருக்கட்டும். எழுதுமுன் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், உண்மைதான். சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

தேர்வு விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. மார்ச் ஐந்து கடைசித் தேதி. பதினோராம் கட்டத்தில் "முந்தைய பணியில் இடைவெளி இருப்பின் காரணம்" என்று கேட்டிருக்கிறார்கள். குடும்பச் சூழ்நிலை என்று எல்லாரும் எழுதுவார்கள், நீயும் அப்படி எழுதினால் யாரும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை. உண்மையை எழுதினால் அதை வைத்தே உன்னைத் தள்ளிவிடவும் கூடும். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் இஷ்டம்.

சிவசைலம்

*

பிப்ரவரி 26, தென்காசி

அண்ணாச்சி,

அந்தப் பக்கம் வந்துவிட்டது.

சமையல்கட்டில் நின்றுகொண்டு உறையைக் கிழித்தேன். உங்கள் எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். என்னைப் பற்றி ஒன்றரை வரிதான். "06.42. குற்றால நிலவரம். அறிவிப்பாளர் உலகம்மாள் வாசித்த முதல் வாக்கியம் தாளில் உள்ளபடி இல்லை." கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதற்குக் கீழே ஐந்து வரி.

"06.42 முதல் 06.49 வரை டியூட்டி ஆபீசர் பணியிடத்தில் இல்லை. உடனே கேட்டிருந்தால் அடுத்த பாட்டுக்கு முன்பே, ஒரு நிமிடத்துக்குள் திருத்தியிருக்க முடியும். மீதி ஆறு நிமிடத் தாமதத்துக்கு டியூட்டி ஆபீசரே பொறுப்பு. இதை அறிவிப்பாளரின் பிழையோடு சேர்த்துக் கணக்கில் கொள்ளக் கூடாது. சிவசைலம், டியூட்டி ஆபீசர்."

கூடவே இன்னொரு தாளையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். பணியிடத்தில் ஏன் இல்லை என்று ஆபீஸ் உங்களிடம் கேட்ட விளக்கமும் உங்கள் பதிலும். "தனிப்பட்ட வேலை" என்று இரண்டே வார்த்தை. அதற்கு அடியில் மாறுதலுக்குப் பரிந்துரை. பதவி உயர்வு பற்றி ஒரு எழுத்து இல்லை.

அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஜெகதீஸ்வரன் ஓடிவந்து அணைத்துவிட்டு "என்னட்டி ஆச்சு?" என்றார். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த பிளாஸ்க், அண்ணாச்சி! எனக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று உங்களுக்கு நானே எழுதினேன். மேஜைமேல் டக்கென்று வைத்தீர்கள் என்றும் நானே எழுதினேன். அந்த வெந்நீர் எங்கிருந்து வந்தது என்று ஏழு மாதமாக இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போய், எனக்காக நின்று வாங்கி, அங்கே ஓடிக்கொண்டிருந்த ரேடியோவில் என் குரலைக் கேட்டுத்தானே ஓடிவந்தீர்கள்? திருத்தத்தை வாசித்துவிட்டு அந்த வெந்நீரைத்தான் குடித்தேன். குடித்துக்கொண்டேதான் உங்களை மனசுக்குள் வைது தீர்த்தேன்.

என் தொண்டை உங்களுக்குத் தனிப்பட்ட வேலையா? வெந்நீர் வாங்கப் போனேன் என்று எழுதியிருந்தால் மெமோவோடு விட்டிருப்பார்களே! மலையேறவும் வேண்டாம், குளிரில் மை உறையவும் வேண்டாம். ஏன் எழுதவில்லை? பதில் வேண்டும்.

விண்ணப்பத்தை இன்றே அனுப்புகிறேன். பதினோராம் கட்டத்தில் இடம் போதவில்லை, தனித்தாள் இணைத்திருக்கிறேன். தேதி, மணி, நிமிஷம் போட்டு, தாளில் என்ன இருந்தது, நான் என்ன வாசித்தேன் என்று எழுதினேன். கடைசியில் அந்த வேன்களைப் பற்றியும் எழுதினேன். தள்ளினால் தள்ளட்டும். அந்த மைக் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பால் பாக்கெட்டை வாசித்துக்கொண்டே என் காலம் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பச் சூழ்நிலை என்று எழுதிவிட்டு அந்த மைக் முன்னால் போய் உட்கார என்னால் ஆகாது.

உங்கள் நம்பரை விடுவித்துவிட்டேன். சிக்னல் கிடைத்தால் கூப்பிடுங்கள். கிடைக்காது என்று தெரியும்.

உலகு

*

மார்ச் 22

அன்புள்ள உலகுக்கு,

சிக்னல் கிடைக்கத்தான் இல்லை. கிடைத்திருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டேன். நீ அழுவாய், நானும் அழுவேன், இங்கே நாலு மொழிக்காரர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

பதில் கேட்டாய். லாக் புக்கில் என்ன நடந்தது என்று எழுதத்தான் கட்டம் இருக்கிறது. ஏன் நடந்தது என்பதற்கு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பெரிய குறையாகத் தெரிந்தது. அப்புறம்தான் புரிந்தது. ஏன் என்று எழுத இடம் கொடுத்தால் ஒவ்வொருவரும் ஒரு கதை எழுதுவோம். எல்லாக் கதையும் நியாயமாகத்தான் இருக்கும். அத்தனை நியாயத்துக்கும் நடுவில் கேட்கிறவனுக்குத் தப்பான சேதி போனது மறந்துபோகும்.

விளக்கம் கேட்டபோது வெந்நீர் என்று எழுதியிருக்கலாம்தான். எழுதினால், உடம்பு சரியில்லாத அறிவிப்பாளரை ஏன் மைக் முன்னால் உட்காரவைத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். காய்ச்சலில் வாசித்தாள், அதனால்தான் உளறினாள் என்று உன் பேரில் இன்னொரு வரி ஏறும். நீ உளறவில்லை. தெளிவாகத்தான் தப்பு செய்தாய். அந்த மரியாதையாவது உனக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன். சிரிக்காதே.

இந்த ஊரைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்று செய்திக்கு முன் ஏணி ஏறுகிறவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். நான் ஏறினேன். வெளக்குமாற்றை எப்படிப் பிடிக்கணும் என்று கீழேயிருந்து மூன்று மொழியில் கத்தினார்கள். டிஷ் சுத்தமாயிற்று, செய்தியும் சரியான விநாடிக்கு இறங்கிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான காலை ஞாபகம் இல்லை.

தேர்வில் மெதுவாக வாசி. உனக்குக் கடைசிச் சொல்லை விழுங்குகிற பழக்கம் உண்டு.

சிவசைலம்

*

ஜூன் 20, தென்காசி

அண்ணாச்சி,

மூன்று மாதமாக எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். முடிவு தெரியாமல் எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

தேர்வு நடந்த விதம் உங்களுக்குத் தெரியும். ஸ்டூடியோவில் நான் ஒருத்தி. வேறு அறையில் ஸ்பீக்கருக்கு முன்னால் மூன்று பேர். என் பேர் தெரியாது, முகம் தெரியாது, ஊர் தெரியாது. நான் வெறும் இருபத்தேழாம் எண். முன்பெல்லாம் அது அவமரியாதையாகத் தோன்றும். இந்தத் தடவை நிம்மதியாக இருந்தது. கடைசிச் சொல்லை விழுங்கவில்லை.

அப்புறம் நேர்காணல். நடுவில் இருந்த அம்மாள் என் தனித்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் கேக்கலியே, ஏன் எழுதினீங்க?" என்றார். "பதினோராவது கட்டத்துல கேட்டிருக்கீங்களே மேடம்" என்றேன். மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "சரி, போங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது எல்லாம் முடிந்தது என்று ஜெகதீஸ்வரனுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

போன வாரம் கடிதம் வந்தது. மாதத்துக்கு ஆறு நாள். முதல் புக்கிங் இன்று காலை.

சாரல் பிடித்துவிட்டது அண்ணாச்சி. நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போதே தென்காசியில் அந்தக் காற்று. பஸ் ஸ்டாண்டில் மன்சூரைப் பார்த்தேன். "பேரருவி எப்படி இருக்குன்னு கேக்கமாட்டீங்களாக்கா?" என்று கேலி செய்தான். "நீ சொல்லாத, காலைல ரேடியோவக் கேளு" என்றேன்.

இப்போது டியூட்டி ரூமில் சஃப்ரின் என்று ஒரு பெண். சின்ன வயசு, கண்டிப்பு. நாற்காலியை விட்டு அசையவே இல்லை. நிலவரத்தாள் வந்தது. மூன்று கையெழுத்தையும் விரல் வைத்துப் பார்த்தேன். அதிலிருந்த ஒருவரையும் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் மூன்று பேருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. குரல் நடுங்கவில்லை.

வாசித்து முடித்து வெளியே வந்து, "சஃப்ரின், லாக் புக்குல எழுதிருங்க" என்றேன். அவள் பதறிப்போய், "என்ன தப்பாச்சு மேடம்? நான் கேட்டுக்கிட்டுதான இருந்தேன், எல்லாம் கரெக்டாத்தான இருந்துச்சு?" என்றாள். "கரெக்டா இருந்துச்சுன்னு எழுதுங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தப்பு இல்லன்னா எழுதுகதுக்கு இதுல எடம் இல்லியே மேடம்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

06.42. குற்றால நிலவரம். பேரருவியில் தடை நீடிக்கிறது, ஐந்தருவியில் அனுமதி. அறிவிப்பாளர் உலகம்மாள், தாளில் உள்ளபடி வாசித்தார். டியூட்டி ஆபீசர் பணியிடத்தில் இருந்தார். வெந்நீரை அறிவிப்பாளர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

உலகு